தீப்பற்றினால்தான் பணம்

2020 நவம்பர் 9, திங்கட்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஐந்தே நாள். தில்லியிலும் தேசியத் தலைநகர்ப் பகுதியிலும் அன்று நள்ளிரவு முதல் நவம்பர் 30 வரை எந்த வகைப் பட்டாசையும் விற்கவோ வெடிக்கவோ கூடாது என்று நீதிபதி ஆதர்ஷ் குமார் கோயல் தலைமையிலான தேசியப் பசுமைத் தீர்ப்பாய அமர்வு உத்தரவிட்டது. முந்தைய ஆண்டு நவம்பரில் காற்றின் தரம் மோசமாக இருந்த மற்ற நகரங்களுக்கும் அதே தடைதான். கொரோனா பரவும் நேரத்தில் புகை மூச்சுக்குக் கேடு என்பது காரணம். ராஜஸ்தான், ஒடிசா அரசுகள் அதற்கு முன்பே தடை போட்டிருந்தன. மேற்கு வங்கத்தில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடுத்திருந்தது. அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ராஜஸ்தானுக்கும் ஒடிசாவுக்கும் கடிதம் எழுதித் தடையை விலக்கக் கேட்டுப் பார்த்தார். தடை நீடித்தது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பட்டாசு என்பது ஒரே ஒரு பண்டிகையை நம்பி ஆண்டு முழுக்க உற்பத்தி செய்யும் தொழில். ஆடிப்பெருக்கில் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்கி, ஐப்பசிக்குள் சரக்கை வடக்கே ஏற்றி அனுப்பிவிட வேண்டும். கடனுக்குப் போன சரக்கின் பணம் பெரும்பாலும் தீபாவளி முடிந்த பிறகே திரும்பும். நவம்பர் 9 அன்று சரக்கு தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் வியாபாரிகளின் குடோனில் இருந்தது. விற்காத சரக்குக்கு எந்த வியாபாரி பணம் அனுப்புவார்?

அந்த ஆண்டின் அடி அது மட்டுமல்ல. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கில் ஆலைகள் மூடப்பட்டன. பிறகு கட்டுப்பாடுகளோடு, குறைந்த ஆட்களோடு திறந்தன. 2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் மறுபடியும் முழு ஊரடங்கு. இரண்டே ஆண்டில் உற்பத்தி நாட்களும் போயின, சந்தையும் போயிற்று.

இந்த நட்டத்துக்குக் காப்பீடு உண்டா என்ற கேள்வி அப்போது உலகம் முழுக்க எழுந்தது. லண்டன் மதுக்கடைக்காரர்களும் பாரிஸ் உணவகக்காரர்களும் அமெரிக்கப் பல் மருத்துவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். பட்டாசு வட்டாரத்தில் அப்படி ஒரு வழக்குக்கு இடமே இல்லாமல் போனது ஏன் என்பது, இந்தியாவில் தொழில் முடக்கக் காப்பீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

இந்தியத் தொழிற்கூடங்கள் வழக்கமாக எடுப்பது தீக்காப்பீடு. தீ, வெடிப்பு, இடி, புயல், வெள்ளம், கலவரம் முதலியவற்றால் கட்டடமோ இயந்திரமோ சரக்கோ சேதமானால் அந்தச் சேதத்துக்கு மட்டும் அது பணம் தரும். வருமான இழப்பு, தாமதத்தால் வரும் இழப்பு, சந்தை இழப்பு ஆகியவை சேராது என்று பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே எழுதியிருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல், 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சொத்துள்ள தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்றும், 5 கோடி முதல் 50 கோடி வரை ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’ என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. புதிய பாலிசிகளைக் கொண்டுவந்தது. பழைய பாலிசியை விட இவை எளிய மொழியில் எழுதப்பட்டவை, சில கூடுதல் சலுகைகளும் உண்டு. விலக்குப் பட்டியலில் வருமான இழப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

வருமான இழப்புக்குத் தனி பாலிசி வேண்டும். இன்சூரன்ஸ் அலுவலகங்களில் அதற்கு ‘லாஸ் ஆஃப் பிராபிட்’ என்று பெயர். தீக்காப்பீட்டின் முதுகில் ஏறி வரும் பாலிசி இது. அதன் கணக்கை ஒரு கற்பனை ஆலையை வைத்துப் பார்க்கலாம். ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய். நிகர லாபத்தோடு சம்பளம், வட்டி, வாடகை போன்ற நிலைச் செலவுகளைக் கூட்டினால் வருவது மொத்த லாபம். அது விற்றுமுதலில் 25 சதவீதம், அதாவது 50 லட்சம். ஆகஸ்டில் தீ விபத்து. முந்தைய ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்ற ஆலை, இந்த ஆண்டு 20 லட்சத்துக்குத்தான் விற்றது. குறைந்தது 1 கோடி. அதில் 25 சதவீதமான 25 லட்சம் இழப்பீடு. மிச்சமான செலவுகளையும், முதல் சில நாட்களுக்கான தொகையையும் கழித்துக்கொள்வார்கள். பிரீமியத்தைக் குறைக்க நினைத்து 50 லட்சத்துக்குப் பதில் 25 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், கைக்கு வருவதும் பாதியாகிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் தொடங்குவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. முதலில் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டிருக்க வேண்டும், அந்தச் சேதத்துக்குத் தீக்காப்பீட்டில் பணம் கிடைத்திருக்க வேண்டும் அல்லது பொறுப்பு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். 2020 நவம்பரில் தில்லி குடோன்களில் கிடந்த கம்பி மத்தாப்பும் சங்குசக்கரமும் நனையவில்லை, எரியவில்லை, கெடவில்லை. சேதமே இல்லாத சரக்கு என்பதால்தான் அதற்கு இழப்பீடும் இல்லை. மார்ச்சில் பூட்டிய ஆலைகளும் அப்படித்தான். சுவரில் ஒரு கீறல் கூட விழவில்லை.

ஊரடங்கைக் ‘கலவரம், வேலைநிறுத்தம்’ என்ற பிரிவுக்குள் நுழைக்க முடியுமா என்று யாராவது வாதாடினால், அந்த வாசலும் அடைத்தே இருந்தது. வேலை நின்றுபோவதால் வரும் இழப்பும், அரசு அல்லது சட்டபூர்வ அதிகாரியின் உத்தரவால் சொத்து கையை விட்டுப் போவதால் வரும் இழப்பும் அந்தப் பிரிவிலேயே விலக்கப்பட்டிருந்தன. இந்திய நீதிமன்றங்களும் பாலிசி வாசகத்தை இழுத்து நீட்டுவதில்லை. மதுரைக்குப் பக்கத்துச் சமயநல்லூர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கியின் வழக்கில், பாலிசியில் உள்ள சொற்களுக்கு அதில் இல்லாத வலிந்த பொருளைக் கொடுக்க முடியாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. திருட்டுக் காப்பீட்டுக்குப் பலவந்த நுழைவு வேண்டும் என்று பாலிசி சொன்னால் பலவந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று 2004-இல் ஹர்சந்த் ராய் வழக்கில் தீர்ப்பானது. இந்த மரபில் நின்றுகொண்டு ‘சேதம்’ என்ற சொல்லுக்குள் ‘ஊரடங்கு’ இருக்கிறது என்று எந்த வழக்கறிஞராலும் நம்பிக்கையோடு சொல்ல முடிந்திருக்காது.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி போனது. அங்கே சிறு தொழில்களுக்கு விற்ற பல பாலிசிகளில், அறிவிக்கத்தக்க தொற்றுநோய் கடையிலிருந்து 25 மைலுக்குள் ஏற்பட்டுத் தொழில் தடைபட்டால் பணம் உண்டு என்று ஒரு கூடுதல் பிரிவு இருந்தது. பாலிசியைப் பொறுத்துத் தூரம் மாறும், சிலவற்றில் ஒரே மைல்தான். சொத்துச் சேதம் என்ற நிபந்தனை இந்தப் பிரிவுக்குக் கிடையாது. கம்பெனிகள் பணம் தர மறுத்தபோது, ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே நீதிமன்றம் ஏற வேண்டாம் என்று நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ. தானே 8 காப்பீட்டு நிறுவனங்கள் மீது, 21 மாதிரி வாசகங்களை எடுத்துக்கொண்டு, சோதனை வழக்குத் தொடுத்தது. சுமார் 700 வகை பாலிசிகள், 3,70,000 பாலிசிதாரர்கள் இதன் முடிவுக்குக் காத்திருந்தார்கள். ஒழுங்குமுறை ஆணையமே வாடிக்கையாளர் பக்கம் நின்று வழக்காடியது என்பதை இந்திய வாசகர் நின்று கவனிக்க வேண்டும்.

2021 ஜனவரி 15 அன்று இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் கடைக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நாடு முழுக்க நோய் பரவியதால்தான் ஊரடங்கு வந்தது, உங்கள் 25 மைலுக்குள் இருந்த சில நோயாளிகளால் அல்ல என்பது கம்பெனிகளின் வாதம். ஊரடங்குக்கு அன்று இருந்த ஒவ்வொரு நோயாளியும் சமமான காரணம் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. 2005-இல் கத்ரினா சூறாவளியில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஹோட்டல் ஒன்று சேதமடைந்தது. ஹோட்டல் சேதமாகாமல் இருந்திருந்தாலும், நகரமே காலியாகிவிட்டதால் விருந்தினர் வந்திருக்க மாட்டார்கள், எனவே அந்த அளவுக்கு வருமான இழப்புக்குப் பணம் இல்லை என்று ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் வழக்கில் 2010-இல் முடிவானது. நடுவர் குழுவில் இருந்தவர் லெகட், மேல்முறையீட்டில் அதை உறுதிசெய்த நீதிபதி ஹாம்ப்ளன். 2021-இல் அதே இருவரும் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து, அந்த முடிவு தவறு என்று எழுதினார்கள்.

ஏழாயிரம்பண்ணைக்கு இந்த நியூ ஆர்லியன்ஸ் கதை நெருக்கமானது. 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணை அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உயிர்களின் கணக்கு வேறு, அதை லாப இழப்போடு சேர்த்து எழுதுவது முறையாகாது. அந்த ஆலையை விட்டுவிட்டு, சட்டப்படி நடக்கும் ஓர் ஆலையில், லாப இழப்பு பாலிசியும் முறையாக எடுத்த நிலையில், அதே நாளில் வெடிப்பு நேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். என்ன கிடைத்திருக்கும்?

சேதம் இருக்கிறது, முன்நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் மே 10 முதல் ஊரடங்கு. வெடிக்காமல் இருந்திருந்தாலும் ஆலை அந்த வாரங்களில் மூடித்தானே கிடந்திருக்கும் என்று இழப்பை மதிப்பிடும் சர்வேயர் கேட்பார். தொழிலின் போக்கையும், விபத்து இல்லாவிட்டாலும் நேர்ந்திருக்கக்கூடியவற்றையும் கணக்கில் கொண்டு தொகையைச் சரிசெய்ய பாலிசியே அவருக்கு இடம் தருகிறது. அடுத்து, ஈட்டுக் காலம் என்று ஒன்று உண்டு. விபத்து நடந்த நாளிலிருந்து எத்தனை மாதம் வரையான இழப்புக்குப் பணம் என்பதை பாலிசி எடுக்கும்போதே குறிக்க வேண்டும். துணிக்கடைக்கும் அரிசி ஆலைக்கும் ஆறு மாதம் போதலாம். பிப்ரவரியில் அழிந்த பட்டாசின் விற்பனை இழப்பு ஆடிக்குப் பிறகுதான் கணக்கில் தெரியும். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. ஆறு மாத ஈட்டுக் காலம் ஆகஸ்ட் நடுவிலேயே முடிந்துவிடும். பட்டாசுத் தொழிலுக்குப் பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த ஈட்டுக் காலம் பிரீமியத்தை வீணாக்குவதுதான்.

இதற்கும் மேலே உரிமம். டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று கையிருப்பு மருந்தின் அளவைப் பொறுத்து இங்கே உரிமங்கள் பிரிகின்றன. நாக்பூரில் இருப்பது பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம். உரிமம் ஒருவர் பெயரில், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேலை நடத்துவது வேறொருவர் என்ற பழக்கம் இந்த வட்டாரத்தில் வேரோடியது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகும் இதுதான் பேசப்பட்டது, அச்சங்குளத்துக்குப் பிறகும் இதுதான். உள்குத்தகை எடுத்தவருக்குச் சொத்தில் சட்டபூர்வ உரிமை இல்லை. சொத்தில் காப்பீடு செய்யத்தக்க உரிமை இல்லாதவருக்கு எந்த பாலிசியும் நிற்காது. ஆக, உண்மையில் தொழில் நடத்திக் கையைச் சுட்டுக்கொள்கிறவர் எந்தக் காப்பீட்டுக்குள்ளும் வர முடியாதவராக இருக்கிறார். சட்டப்படி நடப்பவரை எடுத்துக்கொண்டாலும், பட்டாசு ஆலை என்றதும் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குவது புதிதல்ல.

சரி, இங்கிலாந்து பாணி நோய்ப் பிரிவு இங்கே இருந்திருந்தால்? ஏழாயிரம்பண்ணையை நடுவில் வைத்து 25 மைல் வட்டம் போட்டால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில், ராஜபாளையம் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஊரடங்கில் ஆலை மூடிய நாட்களுக்கு அது ஏதாவது கொடுத்திருக்கும். தீபாவளித் தடைக்குக் கொடுத்திருக்காது. அப்போது ஆலை திறந்தே இருந்தது, மூடப்பட்டது ஆயிரத்துக்கு மேற்பட்ட மைல் தள்ளி இருந்த சந்தை. ‘வாடிக்கையாளர் இடம்’ என்று ஒரு விரிவாக்கம் லாப இழப்பு பாலிசியில் வாங்க முடியும். அதற்கும் அந்த வாடிக்கையாளரின் கட்டடம் எரிந்திருக்க வேண்டும்.

பட்டாசு வட்டாரத்தின் தனிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்து, தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரை என்று நேரமும் குறித்தது. அந்த நவம்பரில் ஆலைகளை அடைத்தவர்கள் 2019 மார்ச்சில்தான் திறந்தார்கள். 2021 அக்டோபர் 29 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுபடியும் முழுத் தடை விதித்தது. நவம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. தீபாவளிக்கு மூன்றே நாள் இருந்தது. இந்த மக்களின் பெரிய நட்டங்கள் சில ஆண்டுகளாகவே உத்தரவுக் காகிதமாக வருகின்றன. அவர்கள் எடுக்கும் காப்பீடோ தீயை மட்டும் எதிர்பார்த்து நிற்கிறது. மூச்சு முட்டும் தில்லிக்காரரின் நியாயத்தை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உத்தரவு சரியா தவறா என்பது ஒரு கேள்வி, அதன் செலவை யார் சுமப்பது என்பது வேறு கேள்வி. இரண்டாவதை எந்த அமர்வும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெருந்தொற்றுக்குக் காப்பீடு விற்கவே முடியாதா? விற்றிருக்கிறார்கள். 2003 சார்ஸ் நோய்க்குப் பிறகு விம்பிள்டன் டென்னிஸ் போட்டியை நடத்துபவர்கள் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிவந்து, 2020-இல் போட்டி ரத்தானபோது பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் பெற்றதாகச் செய்திகள் வந்தன. ஆனால் 2018-இல் மியூனிக் ரீ, மார்ஷ், மெட்டாபயோட்டா நிறுவனங்கள் சேர்ந்து ‘பாத்தஜன் ஆர்எக்ஸ்’ என்ற பெருந்தொற்றுப் பாலிசியைக் கொண்டுவந்தபோது அதை வாங்க ஆளில்லை. அமெரிக்காவில் 2006-இலேயே வைரஸ் இழப்புக்கான விலக்கு வாசகத்தைக் கம்பெனிகள் பாலிசிகளில் சேர்க்கத் தொடங்கிவிட்டன. கொரோனா வழக்குகளில் பெரும்பாலானவை அங்கே தள்ளுபடியாயின. ‘நேரடிப் பௌதிகச் சேதம்’ இல்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

கம்பெனிகளின் தயக்கத்திலும் கணக்கு இருக்கிறது. இருபது பேர் கட்டும் சீட்டில் இருபது பேரும் முதல் மாதமே பணம் எடுக்க வந்து நின்றால் சீட்டு உடைந்துபோகும். தீ எல்லா ஆலையிலும் ஒரே நாளில் பற்றாது, ஊரடங்கு எல்லாக் கதவையும் ஒரே நாளில் பூட்டும். 2020-இல் உலகம் இழந்த உற்பத்தியை ஈடுகட்ட, தொழில் முடக்கக் காப்பீட்டுக்கு உலகம் முழுவதும் ஓராண்டில் வசூலாகும் பிரீமியத்தை 150 ஆண்டுகள் சேர்க்க வேண்டியிருக்கும் என்று காப்பீட்டுத் துறை ஆய்வமைப்பான ஜெனிவா அசோசியேஷன் மதிப்பிட்டது. தனியாரால் தூக்க முடியாத சுமை இது.

அத்தகைய சுமையைச் சேர்ந்து சுமப்பதற்கு முன்னுதாரணம் இந்தியாவிலேயே உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உலக மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பயங்கரவாத இழப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டபோது, இந்தியக் கம்பெனிகள் சேர்ந்து 2002-இல் ஒரு பயங்கரவாத இடர் தொகுப்பை உருவாக்கின. பொதுத்துறை மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. அதை நிர்வகிக்கிறது. 2020 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ., அதன் செயல் இயக்குநர் சுரேஷ் மாத்தூர் தலைமையில், பெருந்தொற்று இடர் தொகுப்பு பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அரசின் பின்பலத்தோடு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அதே ஜூலையில் ‘கொரோனா கவச்’, ‘கொரோனா ரக்ஷக்’ மருத்துவப் பாலிசிகள் சில வாரத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. தொழிலுக்கான தொகுப்பு வரவில்லை.

காப்பீட்டின் இடத்தில் கடன் வந்தது. ரிசர்வ் வங்கி தவணைகளை 2020 ஆகஸ்ட் 31 வரை தள்ளிவைத்தது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. நிலுவையில் 20 சதவீதம் வரை பிணையில்லாக் கடன் தரும் 3 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. வங்கிக் கணக்கு ஒழுங்காக வைத்திருந்த ஆலைக்கு அது கைகொடுத்தது. திருப்பிக் கட்ட வேண்டிய பணம் இழப்பீடாகாது. 2020 ஊரடங்கில் தொழிலாளிக்குக் கிடைத்தது அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு வேலையிழப்புப் படி கூலியில் 25-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டு, அதிகபட்சம் 90 நாளுக்குத் தரப்பட்டது. கூலி இழப்புக்கு இந்தியாவில் இருந்த ஒரே உண்மையான காப்பீடு அதுதான். உள்குத்தகை அறையில் பீஸ் கணக்கில் வேலை பார்க்கும் பெண்ணின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது.

ஆகவே தொகுப்பு அமையும் நாளில் அது ஆலை முதலாளியின் லாபத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உத்தரவால் வேலை நிற்கும் நாட்களுக்குக் கூலி என்று தொடங்கினால், கணக்கிடுவது எளிது, சர்வேயர் தேவையில்லை, உத்தரவின் தேதிகளே போதும். அந்தக் கூலியைப் பெற ஆலைகள் ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டிவரும், உள்குத்தகைக்கு அது ஒரு கடிவாளமும் ஆகும். பட்டாசு உற்பத்தியாளர் சங்கங்கள் ஒவ்வோர் ஆண்டும் தில்லிக்கு மனுவோடு போகின்றன. தடையை நீக்கச் சொல்லும் அந்த மனுவில், 2020-ஆம் ஆண்டுக் குழுவின் பரிந்துரையை எடுத்து நடைமுறைப்படுத்தக் கேட்கும் ஒரு பத்தியையும் அவை சேர்க்க வேண்டும்.